கடந்த பிறகு தெரியும் ஊர்

கப்பலை விட்டு இறங்கி மூன்று நாளாகியும் பிரபாவதிக்குத் தரை ஆடிக்கொண்டிருந்தது. பல் தேய்க்கும்போது வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டாள். சோறு வடிக்கும்போது சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டாள். திருச்சியிலிருந்து பம்பாய்க்கு இரண்டு நாள் ரயில், பம்பாய்த் துறைமுகத்தில் பெட்டிமேல் உட்கார்ந்தபடி அரை நாள், அதன்பின் ஆறு நாள் கடல். கப்பல் அவளைத் துபாயில் இறக்கிவிட்டுத் தன் வழியே போய்விட்டது. ஆட்டத்தை மட்டும் அவளிடமே விட்டுவிட்டது.

“ஒரு வாரத்துல சரியாயிடும்” என்றான் அவள் கணவன் பத்மநாபன்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. அவன் மூன்று வருடத்துக்கு முன்னால் விமானத்தில் வந்தவன்.

துபாயின் தேரா பகுதியில் ஒரு மாடி வீட்டின் ஓர் அறை அவர்களுடையது. மற்ற இரண்டு அறைகளிலும் கீழக்கரைக்காரர் கலீலுர் ரஹ்மானும் அவர் மனைவி பத்ருன்னிசாவும் இருந்தார்கள். சமையலறை பொது. பத்மநாபன் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம்கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று எழுதுகிற வேலை. போன மாதம் வரை அல் குசைஸில் கம்பெனி கேம்பில் இருந்தவன், அவள் வருகிறாள் என்பதற்காக இந்த அறையை எடுத்திருந்தான். கட்டிலுக்குப் புதிய விரிப்பு வாங்கியிருந்தான். அதன் மடிப்புக் கோடுகள்கூட இன்னும் கலையவில்லை.

அவளுடைய கைப்பையின் உள்ளறையில் ஒரு கடிதம் இருந்தது. திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினோரு வருடமாகப் பார்த்துவரும் டிரங்க் கால் ஆபரேட்டர் வேலையை விட்டுவிடுவதாகத் தட்டச்சு செய்த கடிதம். கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. அறுபது நாள் லீவில் வந்திருந்தாள். வேலையை விடுவதானால் ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். வழியில் கழிந்த நாள், தபால் போய்ச் சேருகிற நாள் எல்லாம் போக, இந்தச் சனிக்கிழமை அதைத் தபாலில் போட்டாக வேண்டும். போடாவிட்டால் லீவு முடிவதற்குள் ஊர் போய்ச் சேரும்படி கப்பல் ஏற வேண்டும்.

“முதல்ல ஊரைப் பாரு. பிடிச்சிருந்தா தேதியைப் போடு. நான் கட்டாயப்படுத்தல” என்று வந்த அன்றே சொல்லியிருந்தான். கட்டாயப்படுத்தவில்லைதான். ஆனால் அவள் கைப்பையைத் திறக்கும்போதெல்லாம் அவன் கண் அங்கே போய் வந்தது.

உண்மையில் அந்த ஊரை அவள் எப்போதோ பார்த்துவிட்டிருந்தாள். மூன்று வருடக் கடிதங்களில் அவன் அதை அவளுக்குக் காட்டியிருந்தான். ‘வேலை முடிந்ததும் க்ரீக் ஓரமாக நடப்பேன். கடல் ஊருக்குள்ளே வந்து ஆறு மாதிரிப் படுத்துக் கிடக்கும். படகில் அக்கரைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு அதே படகில் திரும்புவேன். விளக்குகள் தண்ணீரில் நீள நீளமாக விழும். பக்கத்தில் நீ இருப்பதாக நினைத்துக்கொள்வேன்.’ மதிய டூட்டியில் லைன்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் காதுக்கருவியைக் கழற்றாமலே இதையெல்லாம் படிப்பாள். அவளுக்கு ஊர்கள் அப்படித்தான் பழக்கம். மதராஸ் என்றால் தொண்டையைச் செருமுகிற ஒரு பெண்குரல். பம்பாய் என்றால் எப்போதும் அவசரப்படுகிற ஓர் ஆண்குரல். துபாய் என்றால் அவன் கையெழுத்து. சொந்தக் காலால் நடந்து பார்த்த ஊர் என்று திருச்சியைத் தவிர எதுவும் இல்லை.

வியாழக்கிழமை மாலை அவளைக் க்ரீக்குக்கு அழைத்துப் போனான்.

கடைவீதி வழியாக அவன் முன்னே நடக்க, அவள் பின்னே நடந்தாள். நாலெட்டுக்கு ஒருமுறை அவன் திரும்பிப் பார்த்தான். திருச்சியில் ஒருநாளும் அப்படித் திரும்பிப் பார்த்தவனில்லை. கோவிலுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் தன் நடையைப் போய்க்கொண்டே இருப்பான். இப்போது தேடுகிறானே என்று நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. தலைசுற்றலையும் மறந்து எட்டி நடந்தாள். கிட்டே போனதும்தான் தெரிந்தது, அவன் பார்த்தது அவளை அல்ல. அவள் தோளுக்குமேல், அவர்கள் கடந்து வந்த தெருவை.

“என்னங்க பாக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல. வழி சரிதான்.”

படகுத்துறையில் மரப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. பத்மநாபன் ஒரு தகரக் கொட்டகையைச் சுற்றிவந்தான். அங்கே கயிறு சுற்றிக்கொண்டிருந்தவனிடம், “பாய், டிக்கெட் கஹாங்?” என்று டிக்கெட் தரும் இடத்தை இந்தியில் கேட்டான்.

அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். “டிக்கெட் மாஃபி! பைட்டோ பாய், பைட்டோ!”

டிக்கெட்டெல்லாம் கிடையாது, உட்கார் என்று அவன் படகைக் காட்ட, ஏறி உட்கார்ந்தார்கள். பாதித் தண்ணீரில்தான் படகுக்காரன் கை நீட்டினான். எல்லோரும் சில்லறையை அவன் உள்ளங்கையில் போட்டார்கள். தினமும் மாலையில் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்த மனிதன் கடைசியாகத்தான் பைக்குள் கையை விட்டான். அவன் காது மடல் சிவந்திருந்தது. பிரபாவதி தண்ணீரைப் பார்த்தாள். விளக்குகள் நீள நீளமாக விழுந்துதான் இருந்தன. கடிதத்தில் இருந்த ஒன்றாவது அப்படியே இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்தது.

அக்கரையில் அவன் டீ குடிக்கும் கடையைக் காணோம்.

“இடிச்சிட்டாங்க போல. இங்க எல்லாம் நாளுக்கு ஒண்ணு இடிப்பான், ஒண்ணு கட்டுவான்” என்றான். வேறொரு கடையில் நின்று குடித்தார்கள். டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

“ஊர் பிடிச்சிருக்கா?”

“கால் வலிக்குதுங்க” என்றாள்.

வீடு திரும்பியதும் பத்ருன்னிசா சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டே விசாரித்தாள். “எங்கம்மா கூட்டிட்டுப் போனாரு உங்க வீட்டுக்காரரு?”

“அக்கரைக்குக்கா. படகுல.”

“அட! அவரா? இந்த ஒரு மாசமா நானும் பாக்குறேன், வெள்ளிக்கிழமை வந்தா கட்டிலோட ஒட்டுன மனுசன் சாயங்காலம் அசர் பாங்குக்குத்தான் எந்திரிக்கிறாரு. பார்க்குற நமக்கே கொட்டாவி வருது. எங்க வீட்டு மச்சான் ரெண்டு தடவை கூப்பிட்டாக, வாங்க க்ரீக்குப் பக்கம் போயிட்டு வருவோம்னு. ‘இல்ல பாய், பிரபா வரட்டும், அவகூடப் போய்க்கிறேன்’னுட்டாரு.” கத்தி நின்றது. “உங்களுக்காகச் சேத்து வச்சிருந்திருக்காருல்ல? குடுத்து வச்சவம்மா நீங்க.”

பிரபாவதி சிரித்து வைத்தாள். சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தரை ஆடியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமையிலிருந்து அவனுக்கு டூட்டி. இன்றைக்குத் தான் வேலை செய்கிற கட்டடத்தைக் காட்டிவிட வேண்டும் என்று நின்றான். ஒன்பது மாடி, மணிக்கூண்டு தாண்டிப் பாலத்துப் பக்கம் போனால் வந்துவிடும் என்றான். டாக்ஸி பிடிக்கலாமா என்றதற்கு, “பக்கம்தான், தினம் போற வழிதானே” என்றான். சாப்பிட்டதும் கிளம்பினார்கள்.

மணிக்கூண்டு வரை சிரமம் இல்லை. அதற்குப் பிறகு ஒரு சாலை இரண்டானது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. ஒரு பக்கம் மணல், மறுபக்கம் பாதி எழும்பிய சுவர்கள், தகர வேலி. அவன் இடது கைச் சாலையில் போனான். கால் மணி நேரம் கழித்து வலது கைச் சாலைக்கு வந்தான். நவம்பர் வெயில் மென்மையானதுதான், ஆனால் நிழல் என்று ஒன்று இல்லை. செருப்புக்குள் மணல் ஏறியது. ஒவ்வொரு லாரியும் கடந்தபின் சேலையை உதறிக்கொண்டாள். அவன் இப்போது இரண்டெட்டுக்கு ஒருமுறை திரும்பினான். கடைசியில் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சாலையோரமாகப் பின்புறமாக நடக்க ஆரம்பித்தான். வந்த வழியை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டித் துழாவியபடி, ஓர் அடி, இன்னொரு அடி.

“என்ன பண்றீங்க நீங்க?”

அவன் நின்றான். கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். பிறகு நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

“இப்படிப் பாத்தாத்தான் தெரியும் பிரபா.”

“எப்படி?”

“வேலைக்குக் கம்பெனி பிக்கப் வண்டியில, திறந்த பின்பக்கத்துலதான் போவோம். மணல் மூஞ்சியில அடிக்காம இருக்க கேபினுக்கு முதுகைக் குடுத்து உக்காந்துக்குவோம். மூணு வருஷமா அப்படியே போய் அப்படியே வரேன். எந்த இடமும் எனக்குப் போன பிறகுதான் தெரியும். முன்னாடி பாத்தா எல்லாம் வேற ஊரு மாதிரி இருக்கு.” சிரிக்கப் பார்த்தான். “நடந்து நான் எங்கயும் போனதில்ல.”

அவளும் அந்தக் கல்லில் உட்கார்ந்தாள். பதில் தெரிந்திருந்தும் கேட்டாள். “க்ரீக்கு?”

“நேத்துதான் முதல் தடவை.”

“அப்ப எழுதினதெல்லாம்?”

“கலீல் பாய் மாதிரி ஆளுங்க வந்தா சொல்லுவாங்க. படம் போட்ட கார்டு ஒண்ணு வச்சிருந்தேன்.” கல்லின் விளிம்பை நகத்தால் சுரண்டினான். “பொய்யின்னு நினைச்சு எழுதல. போகணும்னு இருந்தது. டூட்டி முடிஞ்சு வந்தா குளிக்கக்கூட முடியாது. சட்டையோட படுத்துடுவேன். அதை எழுதவா முடியும்? என்னைக்காவது நீ வருவ, சேர்ந்து போகலாம்னு மிச்சம் வச்சேன்.”

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டியிருந்தது போல. அந்தக் க்ரீக் ஓரத்தில் அவள் எத்தனை மாலைகள் நடந்திருக்கிறாள்! ‘மூன்று நிமிடம் முடிந்தது’ என்று யாருடைய பேச்சையோ வெட்டிவிட்டு நேரே அங்கே போய் நின்றிருக்கிறாள். அவன் போகவே இல்லையென்றால் அங்கே தனியாக நடந்தவள் அவள் மட்டும்தான். அவளுக்காக மிச்சம் வைத்தான் என்பதில் அன்பு இருந்தது, அவளுக்கு அது தெரியவே செய்தது. ஆனால் ஒரு முழு ஊரையும் கட்டி வைத்து, வந்து அவிழ் என்று அவள் மடியில் போட்டிருக்கிறானே! அந்தக் கனத்தை நினைத்தால் அலுப்பாக இருந்தது.

ஹாரன் சத்தம் கேட்டது. மஞ்சள் பிக்கப் ஒன்று மணலில் ஒதுங்கி நின்றது. டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

“சார்! என்ன சார், நடுரோட்ல பிக்னிக்கா?”

கம்பெனி டிரைவர் சுஐபு. வெள்ளிக்கிழமை ஓவர்டைம் முடித்தவர்களைக் கேம்புக்குக் கொண்டுபோகிறான். “யல்லா, ஏறுங்க. கேம்புல இவங்களைத் தட்டிட்டு உங்களை வீட்ல விட்டுடறேன். மேடம் முன்னாடி உக்காரட்டும்.”

“நான் பின்னாடியே உக்காந்துக்கறேன்” என்றாள் பிரபாவதி.

சுஐபு பத்மநாபனைப் பார்த்தான். பத்மநாபன் அவளைப் பார்த்தான். அவள் அதற்குள் சேலையைச் செருகிக்கொண்டு பின்கதவுப் பலகையில் காலை வைத்துவிட்டாள்.

பின்னால் மூன்று பேர். இருவர் சிமெண்ட் படிந்த இமைகளோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவன் கார்மேகம், பரமக்குடிப் பக்கம், கம்பி கட்டுகிறவன். துண்டை உதறி விரித்து, “இதுல உக்காருங்கக்கா” என்று இடம் விட்டான். பத்மநாபன் வழக்கமான மூலையில் கேபினுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பியது. சாலை அவர்கள் காலடியிலிருந்து உருவிக்கொண்டு பின்னால் ஓடியது. அவன் முகம் மாறியது.

“இப்ப பாரு, தண்ணி டேங்க். அந்தப் பச்சைக் கதவு, அதுக்கப்புறம் ஒரு ஒத்தைப் பனை” என்றான். சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாக இரு பக்கமும் வந்து, பின்னால் நழுவிச் சிறுத்தன. “இந்தப் பள்ளத்துல ஒரு குலுக்கு குலுக்கும், பிடிச்சுக்கோ.” குலுக்கியது. அவன் குரலில் மூன்று நாளாக இல்லாத தெளிவு இருந்தது. ஒரு விஷயம் அப்போதுதான் பிரபாவதிக்கு உறைத்தது. வண்டி ஆடியதில் அவளுக்குள் இருந்த ஆட்டம் நின்றுபோயிருந்தது.

நான்கைந்து இடம் சொல்லிவிட்டு அவன் பேச்சு குழறியது. தலை பின்னால் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. தூங்கிவிட்டான்.

“சார் அப்படித்தேன்” என்றான் கார்மேகம். “கேம்ப் வளைவு வந்தா தானா முழிப்பாரு. எழுப்பவே வேணாம். அக்கா, க்ரீக்குப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“நெசமாவே ஆறு கணக்கா படுத்துக் கெடக்குதா? வெளக்கு நீள நீளமா விழுகுதா?”

பிரபாவதி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“எம் பொஞ்சாதி கேட்டுக்கிட்டே இருக்கா. சார்தேன் எங்க எல்லாருக்கும் லெட்டர் எழுதிக் குடுப்பாரு. ‘பக்கத்துல நீ இருப்பதாக நினைத்துக்கொள்வேன்’னு ஒரு வரி போட்டாரு பாருங்க, அவ அதை ஊரெல்லாம் வாசிச்சுக் காட்டி அழுதாளாம். சண்டைக்காரி அவ! ஏ ஆத்தான்னு நானே பயந்துட்டேன்.” வெட்கத்தோடு சிரித்தான். “நான் இன்னும் பாக்கல. நீங்க பாத்துட்டீங்கள்ல? அடுத்த லெட்டரு நீங்க எழுதிக் குடுங்கக்கா.”

அவளுக்கு முதலில் வந்தது ஒரு வலி. கூர்மையானதாகக்கூட இல்லை. செருப்புக்குள் ஏறிய மணல் மாதிரி.

“என்ன எழுத? இங்க உள்ளதை எழுதட்டுமா?”

“ஐயோ, உள்ளதையா?” கார்மேகம் பதறிவிட்டான். “உள்ளதை எழுதுனா கெளம்பி வாய்யான்னுருவா. சார் எழுதுற மாதிரியே எழுதுங்க.”

வண்டி வளைந்தது. பத்மநாபன் கண்ணைத் திறந்தான்.

கேம்பில் நீளமான கொட்டகைகள், ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் பேண்டும் கைலியும் காய்ந்தன. மூவரும் இறங்கினார்கள். “எழுதிருங்கக்கா!” என்று துண்டை வாங்கிக்கொண்டு போனான் கார்மேகம். வண்டி தேராவை நோக்கித் திரும்பியது. பின்னால் அவர்கள் இருவர் மட்டும்.

கேம்ப் கண்ணுக்கு மறையும் வரை அவன் அதையே பார்த்தான். பிறகு, “கார்மேகம் சொல்லிட்டானா?” என்றான்.

“முதல்ல யாருக்கு எழுதினீங்க?”

“உனக்குத்தான். சத்தியமா உனக்குத்தான். எழுதிட்டிருக்கும்போது பக்கத்துல வந்து உக்காந்தான். படிங்க சார்னான். படிச்சேன். எனக்கும் இதையே போடுங்கன்னுட்டான். அப்புறம் அடுத்தவன் வந்தான்.”

“எத்தனை பேருக்கு?”

“பதினாலு, பதினஞ்சு இருக்கும்.”

பரமக்குடியிலும் முதுகுளத்தூரிலும் பதினைந்து பெண்கள். அத்தனை பேரும் தினமும் மாலையில் அந்தத் தண்ணீர் ஓரத்தில் நடந்திருக்கிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல். நடந்தவள் தான் மட்டும் என்று சற்று முன்தான் நினைத்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அது முடியும்போது கண் எரிந்தது. மணலாகக்கூட இருக்கலாம்.

கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். அவன் கண் அங்கே வந்தது.

“இந்தக் கடிதத்தை நாளைக்குப் போட வேண்டாங்க.”

அவன் சாலையைப் பார்த்தபடி இருந்தான். “ஊர் பிடிக்கல.”

“ஊரை இன்னும் ரெண்டு பேருமே பாக்கல.”

“நான் ஏமாத்திட்டேன்னு...”

“அதில்லங்க.” என்னவென்று தனக்கே கோத்துப் பார்க்கச் சிறிது நேரம் ஆயிற்று. “நாளையிலேர்ந்து அஞ்சு மணிக்குப் போயிடுவீங்க. வந்தா சட்டையோட படுத்துடுவீங்க. தப்புன்னு சொல்லல, இன்னைக்குத்தான் கண்ணால பாத்தேனே. ஆனா நான் அந்த ரூம்ல உக்காந்து என்ன பண்ணுவேன்? அங்க எனக்கு ஒரு சீட்டு இருக்கு. பதினோரு வருஷம். நான் கையெழுத்துப் போட்டது நீங்க எழுதின ஊரை நம்பி. தூங்கறவரைப் பாத்துக்கிட்டு முழிச்சிருக்கறதுக்கு இல்ல.”

சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. கல்யாணமான ஐந்து வருடத்தில் அவனிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

“ரூமுக்கு விரிப்பெல்லாம் வாங்கினேன்” என்றான் அவன்.

“தெரியும். கப்பல் ஏற வேண்டிய நாள் வரைக்கும் இருக்கேனே. திரும்பற வழி போக நாப்பது நாள் இருக்கு.”

“எண்ணிட்டியா?”

ஒத்தைப் பனை பக்கவாட்டில் தோன்றி, பின்னால் போய், ஒரு குச்சியாகி, மறைந்தது. இம்முறை அவன் சொல்லாமலே அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

“போன பிறகு லெட்டர் போடவா?” என்று கேட்டான். அந்தக் கேள்வியில் ஒரு பயம் இருந்தது. மூன்று வருடத்தில் அவனிடமிருந்து வந்ததிலெல்லாம் இதுதான் அவனாகவே இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

“போடுங்க. பாத்ததை மட்டும் எழுதுங்க.”

“பாக்கறதுக்கு என்ன இருக்கு? கேட்டு, கலவை மிஷினு, இந்த ரோடு.”

“அதையே எழுதுங்க.”

“அதுல என்ன இருக்கு பிரபா...” என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. தலை சாய்ந்து கேபின் தகரத்தில் இடித்தது. அவள் தன் தோளை நகர்த்திக் கொடுத்தாள். சிமெண்டும் சோப்பும் கலந்த வாசனை. மூன்று நாளாகப் பக்கத்தில் படுத்தும் இது அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது.

மணிக்கூண்டு பக்கவாட்டில் வந்து பின்னால் நகர்ந்தது. நாலு பக்கமும் கடிகாரம். எதில் மணி பார்த்தாலும் ஒன்றுதான். முன்பு நேரே நடந்துபோய்ப் பார்த்தபோது அது உயரமாக இருந்தது. இப்போது சிறுத்துக்கொண்டே போயிற்று. அது போகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பை மடியிலேயே இருந்தது. தோளில் அவன் தலை கனத்தது.

வளைவு வந்தது. அவன் கண்ணைத் திறந்தான்.

“நம்ம தெரு” என்றான்.

சுஐபு வண்டியை நிறுத்தினான். பத்மநாபன் முதலில் குதித்தான். திரும்பி நின்று அவளுக்குக் கையை நீட்டினான். தரையில் கால் வைத்ததும் அது மறுபடி ஆட ஆரம்பித்தது. அவள் அந்தக் கையை விடாமல், படி வரைக்கும் மெல்ல நடந்தாள்.